அண்ணி எண்ணிய வளையங்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது.

அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. துணைக்கு நான் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். மேஜையில் கிடந்த பழைய பத்திரிகைகளில் குறுக்கெழுத்துக் கட்டங்களை யாரோ நிரப்பியிருந்தார்கள், அதுவும் தப்பும் தவறுமாக. வேறு வழியில்லாமல் நாங்கள் இருவரும் பேச வேண்டியதாயிற்று. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பதினாறு வருஷத்தில் நாத்தனாரும் அண்ணியும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான்.*

"உங்க அண்ணனுக்கு நான் ஒரு துரோகம் பண்ணிட்டேன்" என்றாள் அண்ணி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

ஒரு நாத்தனாரின் காதில் இதைவிடத் தேன் பாய்ச்சும் வாக்கியம் எந்த மொழியிலும் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். யார் அந்த ஆள், எத்தனை நாளாக, வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேள்விகள் வரிசை கட்டி நின்றன.

"நியூட்ரினோ விஷயத்துல" என்றாள்.

சப்பென்று ஆகிவிட்டது. அவளும் அண்ணனும் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பிடிக்கிற துகள் அது.

ஆனாலும் கேட்டேன். கேட்கக் கேட்க நாற்காலி இன்னும் கொஞ்சம் நெருங்கியது. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டபோது, "அண்ணி, இதைக் கதையா எழுதட்டுமா?" என்றேன்.

"எழுது. ஆனா எழுதினதை என்கிட்ட காட்டணும். அறிவியலைக் கெடுத்தேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

அதற்குப் பிறகு ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் யாருடனும் அவளால் பேச முடியவில்லை.

(* நேரில் நான் அவளை 'வாங்க அண்ணி' என்றுதான் சொல்வேன். கதையில் 'வந்தாள்' என்று எழுதுகிறேன். முதல் பிரதியைப் படித்ததும் அவள் கண்டுபிடித்த முதல் குற்றம் இதுதான். "பேப்பர்ல மட்டும் மரியாதை குறையுதே?" என்றாள். இலக்கணம் என்று சமாளித்தேன்.)

2

முதல் தொடக்கம்:

மலையின் வயிற்றுக்குள் ஒரு கடல் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் கரையில் ஒரு பெண்—

அண்ணி: "கடல் உப்பு. எங்க தொட்டியில இருக்கறது சுத்தமான தண்ணி. அதுல உப்பு ஒரு சிட்டிகை விழுந்தாலும் உங்க அண்ணன் வேலை காலி." அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

பேய்த்துகள் என்று எல்லோராலும் அழைக்கப்படும் நியூட்ரினோ—

அண்ணி: "யார் அப்படிக் கூப்பிடறாங்க? நாங்க கூப்பிடறதில்லையே." அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் சூரியனிலிருந்து கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு—

அண்ணி: "உண்மைதான். ஆனா அது வேற கதை. நம்மது சூரியன்ல இருந்து வர்றது இல்ல. காத்துல பிறக்கறது."

சரி, காற்றிலிருந்தே தொடங்குகிறேன். அறிவியல் வேப்பங்காயாக இருப்பவர்கள் ஒரு பத்தி மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

விண்வெளியிலிருந்து அணுத்துண்டுகள் எந்நேரமும் பூமியின் மேல் வந்து விழுகின்றன. காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பிறப்பவைதான் நம் ஆட்கள். பிறக்கும்போது பெரும்பாலும் இரண்டு வகை. மியூ வகை இரண்டு பிறந்தால் எலக்ட்ரான் வகை ஒன்று பிறக்கும். டாவ் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது காற்றில் பிறப்பது அபூர்வம். மூன்றுமே பூமியைக் கால் தூசுக்கு மதிக்காது, பாறை என்றும் பாராமல் ஊடுருவிப் போய்விடும். நம் தலைக்கு மேல் பிறந்தவை பதினைந்து இருபது கிலோமீட்டர் பயணம் செய்து வருகின்றன. பூமியின் மறுபக்கக் காற்றில் பிறந்தவை கிட்டத்தட்ட பதின்மூவாயிரம் கிலோமீட்டர் கடந்து, நம் காலுக்குக் கீழேயிருந்து கிளம்பி வருகின்றன. எல்லாப் பக்கத்துக் காற்றிலும் ஒரே மாதிரிதான் பிறக்கின்றன என்பதால், மேலேயிருந்து எத்தனை வருமோ அத்தனை கீழேயிருந்தும் வர வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் குற்றமில்லை.

3

கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் பத்து மாடி உயரத்துக்கு ஒரு தொட்டி. அதன் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பூசணிக்காய் அளவுக் கண்ணாடிக் குமிழ்கள். அவற்றுக்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் பல்பு என்றே சொல்கிறார்கள். இந்தப் பல்பு வெளிச்சம் தராது, வாங்கும். தண்ணீருக்குள் எங்காவது மின்மினியின் கால்வாசி வெளிச்சம் தோன்றினாலும் பிடித்து மின்சாரமாக மாற்றிக் கம்பி வழியே மேலே அனுப்பும். அந்தப் பல்புகளுக்குப் பொறுப்பு என் அண்ணன். ஆக, தொழில்முறையில் பல்பு வாங்குகிற ஒரே மனிதன் எனக்குத் தெரிந்து அவன்தான்.

(இந்த நகைச்சுவை வேண்டாம் என்று அண்ணி சொன்னாள். இதை மட்டும் வாயால் சொன்னபோது அண்ணன் சிரித்தான். இருக்கட்டும்.)

அண்ணியின் வேலை மேலே, ஜன்னலில்லாத ஓர் அறையில். நியூட்ரினோ எப்போதாவது, மனது வைத்து, தண்ணீரில் ஓர் அணுவை முட்டும். மியூ வகை முட்டினால் அதிலிருந்து கிளம்பும் துகள் நேராக ஓடும். அதன் வெளிச்சம் சுவரில் விளிம்பு கூர்மையான வளையமாக விழும். எலக்ட்ரான் வகை முட்டினால் கிளம்புவது தட்டுத் தடுமாறிச் சிதறும். அதன் வளையம் ஈரத்தாளில் மை ஊறியதுபோல மங்கலாக இருக்கும். கணினித் திரையில் ஒவ்வொரு வளையமாக வரும். அண்ணி பார்த்து, 'கூர்', 'மங்கல்', 'குப்பை' என்று மூன்று பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். கணினியே இதைச் செய்ய ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மனிதக் கண்ணுக்கு ஈடாகவில்லை. அந்த 'இன்னும்' எத்தனை நாளைக்கு என்பதுதான் அண்ணியின் கவலை.

இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது 'புருஷன் சிபாரிசு' என்று சாப்பாட்டு அறையில் பேச்சு அடிபட்டது. அப்படியில்லை, பரீட்சை எழுதித்தான் போனாள். ஆனால் ஏழு வருஷமாக அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதுபோலவே வேலை பார்த்தாள். இரண்டு, நாற்பத்தோரு வயதில் அவளுக்குப் படிக்கிற கண்ணாடி தேவைப்பட ஆரம்பித்திருந்தது. வாங்கியும் விட்டாள். கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். அறையில் யாரும் இல்லாதபோது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வாள். கதவுச் சத்தம் கேட்டதும் பைக்குள் போய்விடும்.

அண்ணி: "இது எழுதணுமா?"

நான்: "எழுதணும், அண்ணி."

அண்ணி: "சரி, எழுது. இப்ப போட்டுட்டுத்தானே இருக்கேன்."

4

ஆய்வகத் தலைவருக்கு 'கமா' என்று பெயர். எந்த வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். மீதியை எதிராளியே சொல்லிச் சிக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக் கூர் வளையங்களின் எண்ணிக்கையை அண்ணி ஒப்படைத்த வாரத்தில் கூட்டம் போட்டார். மேலேயிருந்து வந்த மியூ வகை இருநூற்று நாற்பது இருக்க வேண்டும். இருநூற்று முப்பத்தெட்டு இருந்தது. பிரமாதம். கீழேயிருந்தும் இருநூற்று நாற்பது வர வேண்டும். நூற்று இருபத்தாறுதான் இருந்தது.

"பாதியைக் காணோம்" என்றார் கமா. அது அபூர்வமாக முழு வாக்கியம். "வேற சின்னத் தொட்டிக்காரங்க சிலர்கூட ஏதோ குறையுதுன்னு சொன்னாங்க, அப்ப நாமளே சிரிச்சோம், இப்ப நாம போய் அதையே சொன்னா..."

கமா விரலை மடக்கினார்.

"கீழேயிருந்து வர்றதோட வெளிச்சம் மேலே போய் விழும், ஒண்ணு, அந்த மேல் பல்பு சரியில்ல. இல்லேன்னா, பார்க்கற கண்ணு..."

மேஜையின் ஒரு முனையில் அண்ணன். மறுமுனையில் அண்ணி. நடுவில் பதினொரு பேர் தங்கள் பேனாக்களை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல் பல்பு ஆயிரத்து நூறு இருக்கு, சார்" என்றான் அண்ணன். "ஒண்ணொண்ணா சோதிச்சுடறேன். ஒளி உருண்டையை இறக்கி, கம்பி கம்பியா பார்க்கணும். நாளுக்கு நூறு முடியும்."

"பதினோரு நாள்" என்றார் கமா. "அதுக்குள்ள இந்தப் பக்கமும் கொஞ்சம்..." என்று அண்ணியைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவை, "உன் கண்ணு மேல எனக்கு சந்தேகமே இல்ல" என்றான். அது ஆறுதலுக்காகச் சொன்னது. அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. கண் மேல் சந்தேகமில்லை என்றால் தன் பல்பு மேல் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம். தனக்காகத் தோற்றுப்போகவும் தயாராக இருக்கிறான் என்று அர்த்தம். அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

5

இங்கேதான் அந்தத் துரோகம் வருகிறது.

மறுநாள் காலை அண்ணி தன் நோட்டைத் திறந்து மங்கல் வளையங்களைக் கூட்டினாள். அந்தக் கணக்கை மாதக் கடைசியில் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மேலேயிருந்து நூற்றுப் பதினெட்டு. கீழேயிருந்து நூற்று இருபத்தொன்று.

குறையவில்லை.

மறுபடி கூட்டிப் பார்த்தாள். அதேதான். மேல் பல்புகள் பழுது என்றால் அவை கூர் வளையத்தை மட்டும் பார்த்து ஓரவஞ்சனை செய்யாது. மங்கல் வளையங்களும் பாதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எனவே பல்பு சரி. அண்ணன் கம்பி கம்பியாகச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு பக்கத்தைக் கமாவிடம் காட்டினால் அவன் இன்றைக்கே தப்பித்துவிடுவான்.

அவன் தப்பித்தால் மிச்சமிருப்பது ஒரே ஒரு சந்தேகம்தான். அது கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

நோட்டை மூடினாள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கதாபாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் அண்ணி இப்படிச் செய்கிற ஆளா? கறிகாய்க் கடையில் ஒரு எலுமிச்சை கூடுதலாக வந்துவிட்டால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். 'மூன்று நாள் மறைத்தாள்' என்று எழுதினேன், வாசகர்களுக்கு அவள் மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாதே என்று.)

அண்ணி: "மூணு நாள் இல்ல. பதினோரு நாள்."

நான்: "கதைக்கு மூணு போதும், அண்ணி."

அண்ணி: "எண்ணிக்கையை மாத்தறதுக்கு நீ யாரு? அதுக்குத்தானே இவ்வளவு சண்டையும்?"

பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளும் அண்ணன் தொட்டியின் கூரைமேல் குனிந்து நடந்தான். அங்கே நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. வெளிச்சம் விடும் உருண்டையைக் கயிற்றில் இறக்கி, ஒவ்வொரு மேல் பல்பும் அதைப் பார்க்கிறதா என்று கம்பியில் அளந்து, எண் போட்டு, டிக் அடித்தான். மாலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் வருவான். அண்ணி அவன் கழுத்தில் தைலம் தேய்ப்பாள். "இன்னைக்கு நூறும் சரியா இருக்கு" என்பான். "ஓ" என்பாள். "நாளைக்கு ஏதாவது மாட்டும்" என்பான், மாட்டவேண்டும் என்று பிரார்த்திப்பவன்போல. அவள் தைலத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள்.

ஆறாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு கமாவின் அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் அந்த நிரல் எழுதுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். "மனுஷக் கண்ணுன்னா வயசாகும், நிரலுக்கு..." என்று காதில் விழுந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

நானாக இருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பேன். நீங்கள் எப்படியோ.

6

பதினோராம் நாள் மதியம் ஆயிரத்து நூறாவது பல்பும் சரி என்று டிக் விழுந்தது. அண்ணன் கீழே பம்ப் அறைக்குப் போனான். தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் அறை அது. அண்ணி அவனைத் தேடிக்கொண்டு போனாள். ஏழு வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

இரண்டு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே அச்சில் செய்தவை. ஆனால் வேகத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்ததால், இரண்டின் இரைச்சலும் ஒன்றாகச் சேரும்போது காதை அடைத்து ஏறும், பிறகு ஒன்றையொன்று விழுங்கி அடங்கும், மறுபடி ஏறும். அடங்குகிற நேரத்தில்தான் அங்கே யாரும் யாருடனும் பேச முடியும். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு அழுத்தமானியைப் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க."

அவன் திரும்பவில்லை.

"மங்கல் வளையம் குறையலைங்க. உங்க பல்பு எல்லாம் சரிதான். எனக்கு முதல் நாளே தெரியும். பயத்துல சொல்லல."

சொல்லத் தொடங்கியபோது இரைச்சல் இறங்கியிருந்தது. 'முதல் நாளே' என்பதற்குள் அது ஏறிவிட்டது. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. சொல்லி முடித்து நின்றாள். மறுபடி அடங்கியபோது அண்ணன் திரும்பினான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"என்ன?" என்றான்.

இரண்டாம் முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "மங்கல் வளையம் குறையல. கமாகிட்ட சொல்லப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"போய்ச் சொல்லு" என்றான். "நல்லதுதானே."

அண்ணி: "இந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்தும் மாத்தாதே."

7

கமா நோட்டைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். எப்போது கூட்டினாய் என்று கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை.

"அப்ப பல்பு இல்ல, அப்ப..."

"என் கண்ணுதான் சந்தேகம், சார்" என்றாள் அண்ணி. "சோதிச்சுடுங்க. கீழேயா மேலேயான்னு தெரியாம எல்லாப் படத்தையும் கலைச்சுப் போடுங்க. குப்பைப் பெட்டியில நான் போட்டதையும் சேர்த்துப் போடுங்க. மாலை ஷிஃப்ட்காரி தனியா பார்க்கட்டும். நானும் மறுபடி பார்க்கறேன்." கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டாள். "இதோட ஒரு தடவை, இது இல்லாம ஒரு தடவை."

மாலை ஷிஃப்ட்காரி அண்ணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். அந்த சிபாரிசுப் பேச்சைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான் என்று கேள்வி. இப்படிப்பட்ட ஒருத்தி சொல்வதைத்தான் எல்லோரும் நம்புவார்கள் என்றே அண்ணி அவளைக் கேட்டாள். நான்கு நாள் ஆயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இருவரும் ஒன்றாகச் சொல்லியிருந்தார்கள். குப்பை குப்பைதான். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் பாதியைக் காணோம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாலை ஷிஃப்ட்காரி, யாரோ தன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல.

கமா வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றார். "பல்பும் சரி, கண்ணும் சரி, கீழேயிருந்து வர்ற மியூ மட்டும் பாதி, அப்படின்னா..."

படித்தவர்கள் எல்லோருக்கும் அடுத்த வாக்கியம் தெரியும். நாற்பது வருஷமாக ஏட்டில் இருக்கிறது. அதை நம் தொட்டியில் பார்த்தோம் என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வரவில்லை.

"வர்ற வழியில வேற ஆளா மாறிடுச்சு போல, சார்" என்றான் அண்ணன், வாசலில் நின்றுகொண்டு. அவன் ஏட்டைப் படித்தவன் அல்ல. பதினோரு நாள் குனிந்தவன், அவ்வளவுதான்.

அண்ணி உடனே வளையங்களைத் திசைவாரியாக ஐந்து குவியலாகப் பிரித்தாள். நேர் மேலேயிருந்து வந்தவற்றில் குறைவே இல்லை. மேற்சாய்வில் வந்தவற்றில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. பக்கவாட்டில் வந்தவற்றில் கால்வாசியைக் காணோம். கீழ்ச்சாய்வில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நேர் கீழே, பாதி. தூரம் கூடக் கூட இழப்பும் கூடியது. பல்புக்குத் தூரம் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. பயணம் செய்ததற்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு நான் மூன்று உவமை எழுதினேன். பச்சோந்தி, தேர்வறையில் ஆள்மாறாட்டம், பாதி வழியில் சட்டை மாற்றிக்கொள்ளும் பயணி. மூன்றையும் அண்ணி அடித்துவிட்டு, தன் கைப்படவே ஓரத்தில் எழுதினாள்:

"ஒவ்வொரு வகையும் தனிப் பொருள் இல்ல, மூணு கனம் கலந்த கலவை. மூணும் சேர்ந்துதான் கிளம்பும். ஆனா நடை கொஞ்சம் கொஞ்சம் வேற. அதனால போகப் போகக் கலவையோட பக்குவம் மாறும். நம்ம தொட்டியில முட்டற இடத்துல எந்தப் பக்குவத்துல இருக்கோ, அதைப் பொறுத்து மியூவா அகப்படவும் வாய்ப்பு உண்டு, டாவா மாறிப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. டாவ் முட்டினா குண்டா ஒரு துகள் பிறக்கணும். அதுக்கு இதுங்ககிட்ட பெரும்பாலும் சக்தி பத்தாது. அதனால வளையம் போடாமலே டிமிக்கி குடுத்துடும். ரொம்ப தூரம் வந்ததுல சராசரியா பாதி போகுதுன்னா, மியூவும் டாவும் கிட்டத்தட்ட சரிபாதி கலந்திருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு. மூணு கனமும் வேறவேறயா இருந்தாத்தான் மாறவே முடியும். கனமே இல்லைன்னு இத்தனை நாள் நினைச்சோம். இருக்கு."

சண்டை போட்டுப் பார்த்தேன். இதைவிட நன்றாக எனக்கு எழுத வரவில்லை.

கட்டுரை எழுதுவதற்குள் வேறொரு பெரிய தொட்டிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்களிடம் அதிகத் தண்ணீர், அதிக வளையம், வாக்கியத்தை முடிக்கத் தெரிந்த தலைவர். எங்கள் வீட்டுத் தொட்டி யாரோ எழுதிய கட்டுரையில் அடிக்குறிப்பாகப் போயிற்று. பதினோரு நாள் மறைத்ததாலா என்று கேட்டேன். அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இல்லை, அவர்கள் ஐந்து மாதம் முன்னால் இருந்தார்கள். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) சுரங்கத்திலிருந்து மேலே ஏறும் லிஃப்டில் அண்ணன் அவள் கையைப் பற்றுகிறான். அண்ணி: "அந்த லிஃப்ட்ல பதினாலு பேர் நிப்போம். யார் கையை யார் பிடிச்சாங்கன்னே தெரியாது."

(ஆ) அண்ணன் உண்மையைத் தெரிந்துகொண்டு கொதிக்கிறான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். அண்ணி: "அங்க என் ரூமைத் தம்பிக்குக் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. ஹால்லயா படுப்பேன்?"

(இ) ஒன்றும் நடக்கவில்லை. அவன் காதில் விழவில்லை. அவள் இன்றுவரை இரண்டாம் முறை சொல்லவும் இல்லை. "கதை வந்தா அண்ணன் படிச்சுடுவானே, அண்ணி?" என்றேன். "அவர் கதையெல்லாம் எங்க படிக்கறார்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால், படித்துத் தொலைத்தால் தேவலை என்பதுபோலவும் இருந்தது.

(இ)தான் நடந்தது, அதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் என் வீட்டுக் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தான். நான் கடைக்குப் போய் வாஷர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றவாறே என் மேஜைமேல் இருந்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்குவதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றேன். ஏழாம் பகுதியின் கடைசித் தாளைக் கீழே வைத்தான்.

"நல்லா இருக்கு" என்றான். "ஒரு இடம் தப்பு."

"எது?"

"பம்ப் அறை. ரெண்டு பம்ப் ஓடல. அந்த வாரம் ஒண்ணை நான்தான் பேரிங் மாத்தக் கழட்டிப் போட்டிருந்தேன். ரிஜிஸ்டர்ல இருக்கும், வேணும்னா பார்த்துக்கோ. ஒண்ணுதான் ஓடுச்சு."

"ஒண்ணு ஓடினா?"

"ஒண்ணு ஓடினா பேசலாம். சாதாரணமாப் பேசினாலே கேட்கும்."

வாஷரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். நான் கதவருகில் நின்றேன்.

"அண்ணா, அப்படின்னா உனக்கு..."

கமாவைப்போல நானும் பாதியில் நின்றேன். அவன் மரையை இறுக்கினான்.

"அண்ணிகிட்ட சொல்லவா? திருத்திடவா?"

"அவ படிச்சுட்டாளா இதை?"

"படிச்சுட்டாங்க. அந்தப் பகுதியில ஒரு எழுத்தும் மாத்தாதேன்னு சொன்னாங்க."

அண்ணன் சிரித்தானா, மூக்கைச் சுருக்கினானா தெரியவில்லை. குளியலறைக் கண்ணாடியில் பாதி முகம்தான் தெரிந்தது. கைகழுவிக்கொண்டு துண்டில் துடைத்தான். "அப்ப உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை இதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆறாம் பகுதியில் இன்னும் இரண்டு பம்ப் ஓடுகிறது, நீங்களே பார்த்தீர்கள். ஒன்றை நிறுத்தினால், எல்லாம் கேட்டும் கேட்காதவன்போல இத்தனை வருஷம் இருந்துவிட்ட ஒரு மனிதனை அவன் மனைவியிடம் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். நிறுத்தாவிட்டால், எண்ணிக்கையை மாற்றாதே என்று சொன்னவளுக்கே தப்பான எண்ணிக்கையைக் கொடுத்தவள் ஆவேன். இந்த எட்டாம் பகுதியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

ஒன்றா, இரண்டா? நீங்கள் அந்த வீட்டுக்கு வாழப் போனவரும் இல்லை, அங்கே பிறந்தவரும் இல்லை. உங்களால் நியாயமாகச் சொல்ல முடியும். பென்சிலை எடுத்து ஆறாம் பகுதியில் ஒரு எண்ணை எழுதுங்கள். நான் குளிக்கப் போகிறேன். குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது.